கடன்பட்டது அரசு, வட்டி கட்டுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென் கொரியாவின் கட்டாய ராணுவச் சேவையையும், அதையொட்டி அந்நாட்டு இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் இடையே முற்றியிருக்கும் மனக்கசப்பையும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, மியான்மரின் யாங்கோனில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, மின்சாரம் போவதற்குள் ஒரு முறையும் திரும்பி வந்த பிறகு ஒரு முறையும் கைப்பேசியில் படித்தேன். கட்டுரையாளர் சிரத்தையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஆண்களை மட்டும் அழைப்பது அநீதி, ஆகவே பெண்களையும் அழைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்களையும் அழைக்கலாம் என்று எழுதப்பட்டுவிட்ட ஒரு சட்டத்தின் கீழ் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்கிறவள் என்ற முறையில், அந்தக் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சற்று இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் மூத்தவள். இங்கே ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறாள். மகன் 2023இல், தன் 22ஆம் வயதில், கொரிய மொழித் தேர்வில் தேறி, அந்நாட்டு அரசின் வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் போய், பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். கொரியாவைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி படித்துத் தெரிந்துகொண்டது. மீதி, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவன் தொலைபேசியில் சொல்லக் கேட்டது.

கட்டுரையில் சரியாகச் சொல்லப்பட்டதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த இளைஞர்களின் கோபம் பொய்யல்ல. என் மகன் வேலை செய்யும் இடத்தில் கொரிய ஆண்கள் இருவர் புதிதாக அறிமுகமானால், வயதைக் கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, பட்டாளத்தில் எங்கே இருந்தாய் என்பதுதானாம். தரைப்படையில் 18 மாதம், கடற்படையில் 20, விமானப்படையில் 21 என்று காலம் வகுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ படித்துக்கொண்டிருக்கும்போதே பையன்கள் தலையை மழித்துக்கொண்டு, நோன்சான் பயிற்சி முகாம் போன்ற இடங்களின் வாசலில் அம்மாவிடம் விடைபெற்று உள்ளே போகிறார்கள். காத்திருப்பதாகச் சொன்ன காதலி மனம் மாறிவிட்டால், அவள் ரப்பர் காலணியைத் திருப்பி மாட்டிக்கொண்டாள் என்பது அங்கே வழக்கு. இதைச் சொல்லும்போது என் மகன் சிரித்தான். தொழிற்சாலையில் அதைச் சொன்ன மேற்பார்வையாளர் சிரிக்கவில்லையாம். போனவர்கள் எல்லாரும் முழுசாகத் திரும்பி வருவதும் இல்லை. 2014இல் தரைப்படைப் பிரிவு ஒன்றில் ஓர் இளம் சிப்பாயைச் சக வீரர்களே வாரக்கணக்கில் அடித்துத் துன்புறுத்திக் கொன்றார்கள். 2023 ஜூலையில், யெச்சோன் பகுதியில் வெள்ளத்தில் காணாமற்போனவர்களைத் தேடுவதற்கு, உயிர்காப்பு உடுப்புகூட இல்லாமல் ஆற்றில் இறக்கப்பட்ட 20 வயது மரைன் படைச் சிப்பாய் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு வளரும் ஒரு பையன், தன் வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் இந்த 18 மாதத்தில் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள் என்று பொருமினால், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பொருமலை யார்மீது காட்ட வேண்டும் என்பதில்தான் கட்டுரையாளரும் நானும் பிரிகிறோம்.

1999 டிசம்பர் 23ஆம் தேதி தென் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் கட்டுரையாளர் ஒரே வரியில், பெண்கள் தொடுத்த வழக்கால் ராணுவ வீரர்கள் சலுகையை இழந்தார்கள் என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது. 1961 முதல் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சேவையை முடித்துத் திரும்பியவர் அரசு வேலைத் தேர்வு எழுதினால், 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு ஒவ்வொரு பாடத்திலும் முழு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு, அதற்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 3 விழுக்காடு, அவர் எடுத்த மதிப்பெண்ணோடு கூட்டித் தரப்படும். அரை மதிப்பெண்ணில் ஒருவர் வாழ்க்கை மாறிவிடும் தேர்வுகளில் 5 மதிப்பெண் என்றால் என்ன என்பதை, குடும்பத்தில் ஒருவராவது போட்டித் தேர்வு எழுதிய எந்தத் தமிழ் வாசகருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இதை எதிர்த்து மனு கொடுத்தவர்கள் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் படித்த பெண்கள் சிலர். அவர்களோடு யோன்செய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஆண் ஒருவரும் இருந்தார். உடற்குறையால் பட்டாளம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே அரசு, பட்டாளத்துக்குப் போகாததற்காகத் தேர்வில் தன்னைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது அவருடைய முறையீடு. நீதிபதிகள் ஒருமனதாக அந்தச் சலுகையைச் செல்லாது என்றார்கள். பிறகு இஹ்வா பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் வசைகளால் நிரம்பியது. அந்த வழக்கு இன்றுவரை பெண்கள் போட்ட வழக்காகவே பேசப்படுகிறது. கூட நின்ற அந்த ஆணின் ஞாபகம் தங்கள் கட்டுரையாளருக்கும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டில் அரசுக்கு ஆன செலவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். கொரியக் காசில் ஒரு வொன்கூட இல்லை. ஓர் இளைஞனின் இரண்டு, மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டது அரசு. அதற்கான ஈட்டை, அந்த இளைஞனுக்கு எந்தத் தீங்கும் செய்யாத பெண்ணின் இடத்திலிருந்தும், மாற்றுத்திறனாளியான இன்னோர் ஆணின் இடத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தது. கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டியவர் வேறொருவர். 38 ஆண்டுகள் இப்படியே நடந்த பிறகு, வட்டி கட்டியவர் இனி முடியாது என்று சொன்ன அன்றைக்குத்தான் அங்கே சண்டை மூண்டது; அதுவும் கடன்காரனோடு அல்ல.

அரசு தன் மடியை அவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. சேவையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் சார்ஜெண்ட் நிலைச் சிப்பாய்க்கு 2017இல் மாதச் சம்பளம் 2,16,000 வொன். அதே ஆண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6,470 வொன். மாதக் கணக்கில் 13 லட்சத்துக்கும் மேல். அதாவது, எல்லையில் துப்பாக்கியோடு நின்ற கொரியப் பையன் வாங்கியது, அவன் நாட்டில் மூட்டை தூக்கப் போன எங்கள் பர்மாப் பையன் வாங்கியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சம்பளம் படிப்படியாக உயர்ந்து 2025இல் 15 லட்சம் வொன் ஆனது. இன்னும் அது குறைந்தபட்சக் கூலியை எட்டவில்லைதான். ஆனாலும் எந்தப் பெண்ணின் மதிப்பெண்ணையும் பறிக்காமல் அந்தச் சிப்பாயின் கைக்குப் போய்ச் சேர்ந்த பணம் அது. அரசியல் சாசனத்தின் 39ஆம் பிரிவு, நாட்டைக் காப்பது எல்லாக் குடிமக்களின் கடமை என்று சொன்ன கையோடு, ராணுவச் சேவை செய்ததற்காக எவரும் பாதகமாக நடத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் வாக்கியத்தை ஆள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டும் அரசுக்கு, இரண்டாம் வாக்கியம் நினைவுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கோபம் எப்படித் தவறான வாசலைத் தட்டியது என்பதற்கு 2022ஆம் ஆண்டின் அதிபர் தேர்தலைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அந்த ஜனவரியில் வேட்பாளர் யூன் சுக் யோல், பெண்கள், குடும்ப விவகாரங்களுக்கான அமைச்சகத்தை ஒழிப்பேன் என்று ஒற்றை வரியில் முகநூலில் அறிவித்தார். மார்ச்சில் 0.73 விழுக்காடு வித்தியாசத்தில் வென்றார். வாக்குச்சாவடி வாசல் கணிப்புகளின்படி, இருபதுகளில் இருந்த ஆண்களில் 100க்கு ஏறக்குறைய 59 பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அதே வயதுப் பெண்களில் 100க்கு 58 பேர் எதிர்த்து நின்ற லீ ஜே மியுங்குக்கு வாக்களித்திருந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே மேசையில் உண்ணும் அண்ணனும் தங்கையும் எதிரெதிர்த் திசையில் போனார்கள் என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது அந்த அமைச்சகத்தின் வேலையே அல்ல. அதைச் செய்வது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆள்சேர்ப்பு நிர்வாகம். அதை ஒழிப்பேன் என்று எந்த வேட்பாளரும் முகநூலில் எழுதவில்லை. பெண்கள் அமைச்சகத்தை மூடியிருந்தால் எந்தப் பையனின் 18 மாதம் 17 ஆகியிருக்கும்? அதே யூன் 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு ராணுவச் சட்டத்தை அறிவித்து நாடாளுமன்றத்துக்குப் படையை அனுப்பினார். அதை எதிர்த்துப் பின்வந்த நாட்களில் வீதிக்கு வந்து நின்ற கூட்டத்தில் இசை நிகழ்ச்சிகளுக்குக் கொண்டுபோகும் விளக்குகளைப் பிடித்திருந்த இளம்பெண்கள் ஏராளம். நாடாளுமன்றமோ அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே அந்த ஆணைக்கு எதிராக வாக்களித்திருந்தது. எங்கள் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விடியற்காலையை நினைத்துக்கொண்டு அதைப் பார்த்த எங்கள் மனநிலையைத் தங்களால் ஊகிக்க முடியும்.

கட்டாயச் சேவைக்குப் போகாத கொரியப் பெண் சுகமாக இருக்கிறாள் என்ற எண்ணமும் கட்டுரை நெடுக ஓடுகிறது. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு எடுக்கும் கணக்கில், ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக உள்ள நாடு தென் கொரியா. ஆண் 100 பெறும் இடத்தில் பெண் பெறுவது சுமார் 70. பிள்ளை பெற்றதும் வேலையை விட்டவள் திரும்பிப் போகும்போது பழைய நாற்காலி அவளுக்குக் கிடைப்பதில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தையில் 3 தங்கம் வென்ற ஆன் சான் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார் என்பதற்காகவே அவரைப் பெண்ணியவாதி என்று ஏசினார்கள். ஆனால், ஆண் பட்டாளத்துக்குப் போகிறான், பெண் பிள்ளை பெறுகிறாள், இரண்டும் சரியாகிவிட்டது என்று எதிர்த் தரப்பில் சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பிள்ளைப்பேறு அரசுக்குச் செய்யும் சேவை ஆகாது. அப்படி ஒரு கணக்கை நாமே எழுதிக் கொடுத்தால், 2023இல் பிள்ளைப்பேற்று விகிதம் பெண்ணொருவருக்கு 0.72க்கு இறங்கிவிட்ட அந்நாட்டில், அதற்கும் ஒருநாள் அழைப்பாணை அனுப்புவார்கள்.

அந்த 0.72 என்ற எண்ணில்தான் பெண்களை அழைப்பது பற்றிய உண்மையான பேச்சும் இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும் சேவையைக் கட்டாயமாக்கியது செல்லும் என்று 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் சொன்ன அரசியல் சாசன நீதிமன்றம், 2023 செப்டம்பரில் மீண்டும் ஒருமனதாக அதையே சொன்னது. ஆணுடல் போருக்கு ஏற்றது என்பது அதன் காரணங்களுள் முதன்மையானது. பெண்ணைப் பலவீனமானவள் என்றும் ஆணை வெறும் உடல் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் காரணம் அது. ஆனால் அதே தீர்ப்பு, பிறப்பு குறைந்து ஆள் கிடைப்பது மாறிவருவதால், நெடுங்கால நோக்கில் இருபாலரையும் அழைப்பதா, விரும்பி வருபவர்களை மட்டும் வைத்துப் படை நடத்துவதா என்பது பற்றிப் பேச வேண்டிவரலாம் என்றும் குறிப்பிட்டது. கவனியுங்கள்: கொரியாவில் என்றேனும் பெண்களை அழைத்தால், அது தலை எண்ணிக்கை போதாமல் அழைப்பதாகவே இருக்கும். சமத்துவம் என்ற பெயரை அப்போது மேலே ஒட்டிக்கொள்வார்கள். நார்வே 2015 முதலும் டென்மார்க் 2025 ஜூலை முதலும் பெண்களையும் சேர்த்திருக்கின்றனவே என்று கட்டுரையாளர் கேட்கிறார். நார்வேயில் அந்த வயதினரில் ஒரு சிறு பகுதியினரைத்தான் எடுக்கிறார்கள். பெண்ணுக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் இடம் அங்கே வேறு. ஏணியின் மேற்படியில் நடந்ததைக் கீழ்ப்படிக்குத் தூக்கி வந்து வைத்தால் அது நிற்காது.

எப்படி நிற்காது என்பதை நான் என் தெருவிலேயே பார்த்தேன். இங்கே மக்கள் ராணுவச் சேவைச் சட்டம் 2010இலேயே எழுதப்பட்டு, உறையில் வைத்த கத்திபோல் கிடந்து, 2024 பிப்ரவரி 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. மருத்துவர், பொறியாளர் போன்றோருக்கு வயது வரம்பு இன்னும் அதிகம். காலம் 2 ஆண்டு. நெருக்கடி நிலையில் 5 ஆண்டு வரை நீளலாம். காகிதத்தில் பார்த்தால் கொரியச் சட்டத்தைவிட எங்கள் சட்டம் சமத்துவமானது. அழைக்கத் தகுந்தவர்கள் என்று அரசுத் தரப்பே சொன்ன கணக்கில் ஆண்கள் 63 லட்சம், பெண்கள் 77 லட்சம். அந்த வாரம் எங்கள் பேட்டையில் வீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு இருவர் வந்தார்கள். முகத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைக் குழம்பு காயாத நிலையில் கதவைத் திறந்த என் மகளைப் பார்த்து அவர்கள் வயதைக் கேட்கவில்லை. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, திருமணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்டார்கள். சட்டம் மணமான பெண்களுக்கு விலக்குத் தருகிறது. அடுத்த பத்து நாளுக்குள், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பெண்ணுக்கு, பந்தலும் இல்லை பத்திரிகையும் இல்லை, கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை யார் என்று அவளுக்கே முந்தின நாள்தான் தெரியும். அதே நாட்களில் மாண்டலேயில் பாஸ்போர்ட் அலுவலகத்தின் முன் நெரிசலில் 2 பெண்கள் இறந்தார்கள். பெண்களை இப்போதைக்கு அழைப்பதாக இல்லை என்று பிறகு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்ததால் அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்கப் போவதில்லை.

ஆண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். போட்டர் பிடிக்க, அதாவது ராணுவத்துக்குச் சுமை தூக்க ஆள் பிடிக்க, வருகிறார்கள் என்று யாராவது குரல் கொடுத்தால் என் தகப்பனார் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அதையே சீட்டுக் குலுக்கிச் செய்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் நிறுத்தினார்கள். அதனால் என் மகள் வயதுப் பெண்கள் பலர் தம்பிக்குப் பதிலாகத் தாங்கள் தாய்லாந்துக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்புகிறார்கள். இதில் எந்தப் பெண்ணும் எந்த ஆணின்மீதும் கோபப்பட்டு நான் கேட்டதில்லை, எந்த ஆணும் பெண் தப்பித்துக்கொண்டாள் என்று சொல்லியும் கேட்டதில்லை. சீட்டைக் குலுக்குகிற கை யாருடையது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கொரியாவில் அந்தக் கை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கை, எல்லைக்கு அப்பால் உண்மையாகவே ஓர் எதிரி இருக்கும் நாட்டின் கை என்பதால் மறைந்து நிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது, 2018இல் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்கு மாற்றுச் சேவை இல்லாதது சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பு வாங்க முடிகிறது. அந்த மாற்றுச் சேவை சிறைச்சாலைகளில் 36 மாதம், அதாவது தரைப்படைச் சேவையைப் போல் இரண்டு மடங்கு என்பது வேறு கதை.

பெண்களுக்குச் சீருடை ஆகாது என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். சென்னையைச் சேர்ந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் அவர்களில் பலர் இந்த ரங்கூனுக்கே வந்தார்கள். கால்சட்டை போட்டு, துப்பாக்கி தோளில் சாய்த்து அவர்கள் வரிசையாகப் போனதைத் தெருவோரம் நின்று பார்த்ததாக என் பாட்டி சொல்வார். அவர்களை யாரும் பட்டியலில் சிவப்புப் புள்ளி வைத்து அழைத்துப் போகவில்லை. கொரியாவிலும் 1950 முதல் பெண்கள் படையில் இருக்கிறார்கள். தரைப்படை அகாதெமி 1998இல் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. தாமாக உள்ளே போன பெண்ணை அந்தப் படை எப்படி நடத்தியது என்பதற்கு 2021ஆம் ஆண்டைப் பார்க்கலாம். சக அதிகாரியின் பாலியல் அத்துமீறலைப் புகாராகக் கொடுத்த விமானப்படைப் பெண் சார்ஜெண்ட் ஒருவரை மேலதிகாரிகள் வாயை மூடிக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். விமானப்படைத் தளபதி பதவி விலக நேர்ந்தது. விரும்பி வந்தவருக்கே பாதுகாப்புத் தர முடியாத இடத்துக்கு, விரும்பாத லட்சக்கணக்கானோரையும் சட்டம் போட்டு அழைத்து வரச் சொல்லும் கட்டுரையாளர், அந்த ஒரு பெண்ணைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் மகளுக்கு வருகிற தை மாதம் 28 ஆகிறது. அத்தோடு சட்டம் சொல்லும் வயதைக் கடந்துவிடுவாள். அதுவரை பட்டியலில் அந்தப் புள்ளி இருக்கும். மகனுடைய விசா அதிகபட்சம் 4 ஆண்டு 10 மாதம். அது முடிந்து அவன் திரும்ப வேண்டிய நாளில் அவனுக்கு 27தான் ஆகியிருக்கும். இங்கே ஆண்களுக்கு வரம்பு 35. போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் தங்கள் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவன் தொழிற்சாலையில் இரவுப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் கொரியப் பையன், அடுத்த மாதம் நோன்சானுக்குப் போக வேண்டியவனாம். எங்கள் நாட்டில் எத்தனை மாதம் என்று இவனைக் கேட்டிருக்கிறான். 24 என்று சொன்னதும் அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் தன் காப்பியில் பாதியை இவன் குவளையில் ஊற்றினானாம்.

இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் பேட்டையின் பெயரையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் தங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
யாங்கோன்